நீள ஸ்டேப்ளர் யாரிடம் இருக்கிறது?

எங்கள் நான்கு பேருக்கும் பொதுச் சொத்து என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது ஒரு நீள ஸ்டேப்ளர். சாதாரண ஸ்டேப்ளரை வைத்துக் காமிக்ஸ் புத்தகம் தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நடு மடிப்பு வரைக்கும் சாதாரண ஸ்டேப்ளரின் வாய் எட்டாது. தாளைச் சுருட்டி, வளைத்து, விரலில் ஒரு குத்து வாங்கி, கடைசியில் பின் கோணலாக இறங்கும். கீழே தடித்த அட்டையை வைத்து, ஸ்டேப்ளரை அகலத் திறந்து குத்தி, மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் முனைகளைக் கையால் மடக்கும் வழி ஒன்று உண்டு. இருபது பிரதி வரை அது ஓடும், அதற்கு மேல் நகம் தாங்காது. அதனால் நால்வரும் காசு போட்டு ஒன்று வாங்கினோம், வாங்கிய கையோடு ஒரு சட்டமும் போட்டோம். ஸ்டேப்ளர் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் அடுத்த இதழுக்கு ஆசிரியர். மற்ற மூவரிடம் பக்கம் கேட்டு நச்சரிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, மடிப்பது, தைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர் தலையில். இதழ் வந்ததும் ஸ்டேப்ளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

காமிக்ஸ் வரைகிறவர்கள் நண்பர்கள் என்றதும் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வரைகிற காட்சிதான் பலர் மனதில் வருகிறது. ஒரு பக்கம் வரைந்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆகும், அந்த இரண்டு நாளும் பக்கத்தில் யாராவது மூச்சு விட்டால்கூட எரிச்சல்தான் வரும். வரைவது தனியாள் வேலை. நட்பு வளர்ந்ததெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வேலையில், மடிக்கும்போதும் தைக்கும்போதும், யார் பக்கம் முன்னால் யார் பக்கம் பின்னால் என்று சண்டை போடும்போதும்.

எங்கள் மூன்றாவது இதழ் பதினாறு பக்கம், நான்கு தாள். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நடுவில் மடித்துத் தைக்கிற புத்தகத்தில், தாளின் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கமாக வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று அதிகமாக வர வேண்டும். பதினாறு பக்கம் என்றால் பதினேழு. வெளித் தாளில் 16உம் 1உம், அதன் பின்னால் 2உம் 15உம், இப்படியே போய் நடுத் தாளில் 8உம் 9உம். இதைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் மூன்றாவது தாளுக்குப் பின்பக்கம் நகல் எடுக்கும்போது தாளை மாற்றித் திருப்பி வைத்துவிட்டேன். விளைவு, 6 இருக்க வேண்டிய இடத்தில் 11ஆம் பக்கம் தலைகீழாக, 11 இருக்க வேண்டிய இடத்தில் 6ஆம் பக்கம் தலைகீழாக. எண்பது பிரதி. கண்டுபிடித்தபோது நாற்பது தைத்தாகிவிட்டது.

எல்லாவற்றையும் தூக்கிப் போடலாம் என்று நான் சொன்னேன். எங்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அக்கா என்று கூப்பிடுவோம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு பேனாவை எடுத்து, 5ஆம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தார். "6ஆம் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போய்த் தலைகீழாக நிற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்." அப்புறம் 10ஆம் பக்கத்தின் அடியிலும் அதே மாதிரி ஒன்று. எண்பது பிரதியிலும், நான்கு கையெழுத்தில், இரவு முழுக்க எழுதினோம். 11ஆம் பக்கத்தில் உத்தரத்தில் தொங்கும் ஒரு வௌவால் இருந்தது, அது இப்போது நிமிர்ந்து நின்றது. வாங்கியவர்களில் ஒருவர் இது வேண்டுமென்றே செய்த பரிசோதனையா என்று கேட்டார். "ஆமாம்" என்றோம், நால்வரும் ஒரே நேரத்தில். எங்களை நண்பர்கள் என்று நான் முதன்முதலாக நினைத்தது அந்த நொடியில்தான், அதுவரை ஒரே புத்தகத்தில் வரைகிறவர்கள், அவ்வளவே.

இந்த மாதிரிக் கதைகளைத் தோண்டிப் படிப்பது எனக்கு ஒரு பைத்தியம். அமெரிக்காவில் 1954இல் காமிக்ஸ் நெறிக்குழு ஒன்று வந்து, அதன் முத்திரை இல்லாத புத்தகத்தைக் கடைக்காரர்கள் வைக்கத் தயங்கினார்கள். அந்த முத்திரையைப் பற்றிக் கவலையே படாமல் அறுபதுகளின் கடைசியில் கிளம்பியதுதான் அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ். காமிக்ஸ் என்ற சொல்லின் வாலை வெட்டி எக்ஸ் போட்டு எழுதுவது அவர்கள் குறும்பு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான் வருகிறது, குறும்பு போன இடம் தெரியவில்லை.

1968இன் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஓவியர் ராபர்ட் க்ரம்பின் 'ஜாப்' காமிக்ஸ் முதல் இதழ் வந்தது. அச்சடித்தவர் சார்லஸ் ப்ளைமெல் என்ற கவிஞர். அச்சுக்கூலிக்குப் பதிலாகப் பதிப்பாளர் டான் டோனஹ்யூ தன் டேப் ரெக்கார்டரைக் கொடுத்தார் என்பார்கள். க்ரம்பும் கர்ப்பமாக இருந்த அவர் மனைவி டேனாவும் பிரதிகளைக் குழந்தை வண்டியில் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போய் விற்றார்கள். அதற்கும் முன்னால் ஒரு கூத்து. முதல் இதழ் என்று முதலில் வரைந்து முடித்த பக்கங்களின் மூலத்தை வாங்கிக்கொண்டு போன ஒருவர் காணாமலே போய்விட்டார். நல்லவேளை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார் க்ரம்ப், அதை வைத்துப் பிற்பாடு பூஜ்யம் என்று எண் போட்டு வெளியிட்டார்கள். வரைகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன், மூலத்தை யாரிடமும் நகல் இல்லாமல் கொடுக்காதீர்கள், நண்பனாகவே இருந்தாலும்.

இரண்டாவது இதழிலேயே 'ஜாப்' ஒற்றை ஆள் புத்தகமாக இருப்பதை விட்டுவிட்டது. எஸ். க்ளே வில்சன், விக்டர் மோஸ்கோசோ, ரிக் க்ரிஃபின் வந்தார்கள், நான்காவது இதழுக்குள் கில்பர்ட் ஷெல்டன், ராபர்ட் வில்லியம்ஸ், ஸ்பெயின் ரோட்ரிகஸ். ஏழு பேர். வில்சனின் பக்கங்களைப் பார்த்த பிறகுதான் தனக்குத் தானே எத்தனை வேலி போட்டுக்கொண்டு வரைந்திருக்கிறோம் என்று புரிந்ததாக க்ரம்ப் சொல்லியிருக்கிறார். உன்னைவிடத் துணிந்தவன் பக்கம் உன் பக்கத்துக்கு அடுத்து வரப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு மேல் சோம்பலாக வரைய முடியாது.

ஏழு பேரும் சேர்ந்து ஒரே பக்கத்தில் வரைந்தார்கள், ஜாம் என்று பெயர். தாள் கை மாறிக்கொண்டே போகும், ஒவ்வொருவரும் கொஞ்சம் வரைந்து அடுத்தவரிடம் தள்ளுவார்கள். நாங்களும் இதை நிறையச் செய்திருக்கிறோம், தபாலில். விதி ரொம்ப எளிது. உனக்கு வந்த கட்டத்தில் என்ன சிக்கல் இருக்கிறதோ அதிலிருந்து கதையை வெளியே கொண்டுவா, கொண்டுவந்ததும் அடுத்தவனுக்கு இன்னும் பெரிய சிக்கலாகப் பார்த்து வை. ஒருமுறை எனக்கு வந்த பக்கத்தில் ஒரு ஆள் கிணற்றில் பாதி தூரம் விழுந்திருந்தான், கிணற்றுக்குள்ளே இன்னொரு கிணறு. ஒரு வாரம் அந்தத் தாள் என் மேசையில் கிடந்தது. உண்மையைச் சொன்னால் ஜாம் பக்கங்கள் படிப்பதற்கு அவ்வளவு நன்றாக இருக்காது, பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். ஆனால் அடுத்தவன் தூரிகையை எங்கே அழுத்துகிறான், எங்கே தயங்கியிருக்கிறான், எங்கே வெள்ளை பூசி மறைத்திருக்கிறான் என்பதெல்லாம் அசல் தாளைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அச்சில் அது தெரியாது, திரையில் சுத்தமாகத் தெரியாது.

சேர்ந்து வேலை செய்வது என்றால் இரண்டு பேரும் வரைய வேண்டும் என்றும் இல்லை. ஹார்வி பீக்கார் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். க்ளீவ்லேண்டில் ஒரு அரசு மருத்துவமனையில் கோப்பு அடுக்குகிற குமாஸ்தா. 1962இல் அதே ஊருக்கு வேலைக்கு வந்திருந்த க்ரம்போடு பழக்கம், இரண்டு பேருக்கும் பழைய ஜாஸ் இசைத்தட்டுப் பைத்தியம். பத்து வருஷம் கழித்து, தன் அன்றாடத்தைக் குச்சி மனிதர்களாகக் கட்டம் கட்டமாகக் கிறுக்கி க்ரம்பிடம் காட்டினார், க்ரம்ப் நானே வரைகிறேன் என்று எடுத்துக்கொண்டார். 1976இல் பீக்கார் தன் சம்பளக் காசைப் போட்டு 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' முதல் இதழை வெளியிட்டார், அப்புறம் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கதையையும் வேறு வேறு ஆள் வரைந்ததால் பீக்காரின் முகம் கதைக்குக் கதை மாறும். ஒருவர் கையில் மிரட்டுகிற ஆள், இன்னொருவர் கையில் சோர்ந்துபோன ஆள். நம்மைப் பற்றி நம் நண்பர்கள் ஆளுக்கொரு விதமாக நினைத்துக்கொண்டிருப்பது அப்படியே புத்தகமாக வந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

எங்கள் அக்காவும் குச்சி மனிதர் கட்சிதான். வரைய வராது என்று அவரே சொல்வார். ஆனால் அவர் குச்சி மனிதன் கட்டத்தில் எந்த மூலையில் நிற்கிறான் என்பதைப் பார்த்தாலே காட்சி வந்துவிடும். அதை "திருத்தி" நடுவில் கொண்டுவந்து வைத்த ஒவ்வொரு முறையும் பக்கம் செத்துப்போனது. இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை, எங்கே வைத்திருக்கிறாரோ அங்கேயே வரைகிறேன்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ சொர்க்கத்தைப் பற்றி எழுதிய மாதிரி ஆகிவிடும். நண்பர்கள் நண்பர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த சான் பிரான்சிஸ்கோ ஆண்கள் தங்கள் புத்தகங்களுக்கு ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள், அதே ஊரில் வரைந்துகொண்டிருந்த ட்ரினா ராபின்ஸை அழைக்கவில்லை. அவர் 1970இல் பெண்கள் மட்டுமே வரைந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1972இல் 'விமென்ஸ் காமிக்ஸ்' தொடங்கியது, 1992 வரை பதினேழு இதழ். ஆசிரியர் பொறுப்பை நிரந்தரமாக ஒருவரிடம் விடாமல் சுழற்சியில் வைத்திருந்தார்கள். எங்கள் ஸ்டேப்ளர் சட்டம் அங்கிருந்து திருடியதுதான். அங்கேயும் மனத்தாங்கல் வந்தது. அலீன் காமின்ஸ்கியும் டயான் நூமினும் பிரிந்து போய் 1976இல் தனியாக ஒரு புத்தகம் போட்டார்கள். 'ஜாப்' ஏழு பேரில் புது ஆட்களைச் சேர்க்கலாம் என்று க்ரம்ப் சொல்லியும் மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. 1991இல் க்ரிஃபின் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த பிறகுதான் பால் மாவ்ரைடிஸ் உள்ளே வந்தார். ஒருவர் செத்தால்தான் இடம் காலியாகும் என்றால் அது நட்பு வட்டமா, பரம்பரைச் சொத்தா என்று எனக்குத் தெரியவில்லை. எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், நாங்களும் இன்னும் நான்கே பேர்தான்.

ஜப்பானில் 1975 டிசம்பர் 21 அன்று முதல் காமிகெட் சந்தை நடந்தது, சுயமாகப் புத்தகம் போடுகிறவர்கள் 32 குழுக்கள், வந்தவர்கள் எழுநூறு பேர் அளவில். இன்று அது லட்சக்கணக்கில் கூட்டம் வருகிற விஷயம். அங்கே மேசை போடுகிற ஒவ்வொரு தரப்புக்கும் 'சர்க்கிள்' என்றுதான் பெயர், உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஆள் என்றாலும் சர்க்கிள்தான். முதலில் கேட்டபோது சிரித்தேன், அப்புறம் யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. அந்த ஒரு ஆளுக்குப் பின்னால் எழுத்துப்பிழை பார்த்தவர், மேசையைப் பார்த்துக்கொள்கிறேன் நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்றவர் என்று யாராவது இருப்பார்கள்.

லண்டனில் 1981இல் பால் கிராவெட் ஒரு காமிக்ஸ் சந்தையில் 'ஃபாஸ்ட் ஃபிக்‌ஷன்' என்று ஒரே ஒரு மேசை போட்டார். ஜெராக்ஸில் புத்தகம் போடுகிற யார் வேண்டுமானாலும் தங்கள் பிரதியை அங்கே கொடுத்து விற்கலாம். ஓவியர் எடி காம்ப்பெல் அப்படி வளர்ந்து வந்தவர்தான், பிற்பாடு மேசையை எட் பின்சென்ட் எடுத்து நடத்தினார். இந்த மேசை ஆட்கள் மீதுதான் எனக்கு அதிக மரியாதை. தன் புத்தகத்தைவிட அடுத்தவர் புத்தகம் அதிகமாக விற்கிறதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்து, அந்தக் காசை ஒழுங்காக எண்ணிக் கவரில் போட்டுக் கொடுக்கவும் வேண்டும். நான் ஒருமுறை செய்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர் புத்தகம் இருபத்திரண்டு, என்னுடையது மூன்று. அந்த மூன்றில் ஒன்றை வாங்கியது இருபத்திரண்டு விற்ற அந்தப் பேர்வழிதான். கடைசியில் காசு வேண்டாம், புத்தகத்துக்குப் புத்தகம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். என் அலமாரியில் இருக்கிற சிறு காமிக்ஸில் பாதிக்கு மேல் இப்படி மாற்றிக்கொண்டு வந்ததுதான்.

காசு விஷயத்தில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை, காசு இருந்தால்தானே. நாங்கள் முறைத்துக்கொண்டது ஒரு மூக்கால்.

என் கதாபாத்திரம் ஒருவருக்கு நீளமான, நடுவில் முறுக்கிக்கொண்ட மூக்கு. எட்டுப் பக்கம் பென்சிலில் முடித்துவிட்டேன், மணிக்கட்டு வலியால் மை போட முடியவில்லை. எங்களில் தூரிகையில் கெட்டிக்காரன் ஒருவன் இருக்கிறான், கோடு ஒவ்வொன்றும் கயிறு மாதிரி தடிமனாக விழும். ஸ்டேப்ளரும் அப்போது அவனிடம்தான். நான் போட்டுத் தருகிறேன் என்றான். இதழ் கைக்கு வந்ததும் பார்த்தேன், எட்டுப் பக்கத்திலும் மூக்கு பாதியாகக் குறைந்திருந்தது. முறுக்கைக் காணோம். ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன், அதில் கூட்டுழைப்பு, மரியாதை, படைப்பாளியின் உரிமை என்றெல்லாம் பெரிய பெரிய சொற்கள் வரும், இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. பதில் ஒரே வரிதான். "மூக்குதானேடா."

பதினான்கு மாதம் பேசவில்லை. பிரான்சில் 1990இல் லாசோசியாசியோன் என்ற பதிப்பகத்தைச் சேர்ந்து தொடங்கிய ஓவிய நண்பர்கள், இரண்டாயிரம் பக்கத்துக்கு வசனமே இல்லாத தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தவர்கள், அவர்களே 2005இல் டேவிட் பி., 2006இல் லூயிஸ் ட்ரோண்டைம் என்று ஒவ்வொருவராக வெளியேறியதைப் படித்தபோது எனக்கு அவர்கள் வழக்கெல்லாம் புரியவில்லை, ஏதோ ஒரு மூக்கு இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது. அந்தப் பதினான்கு மாதமும் இதழ் வரவில்லை, ஏனென்றால் ஸ்டேப்ளர் அவனிடம். வேறு ஒன்று வாங்கிவிடலாமே என்று அக்காவிடம் கேட்டேன். "வாங்குறது பெரிய விஷயமா? வாங்கிட்டா நீங்க ரெண்டு பேரும் பேசவே மாட்டீங்க" என்றார்.

அவன் செய்ததில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, அதைப் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் அந்த எட்டுப் பக்கத்தை இடையில் பலமுறை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தடித்த கோட்டில் என் முறுக்கு மூக்கைப் போட்டால் கட்டத்தில் வேறு எதுவுமே தெரியாது. மெல்லிய பேனாவுக்கென்று நான் யோசித்த முகம் அது. க்ரம்பும் அலீனும் 1974இல் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள், ஒரே கட்டத்துக்குள் க்ரம்பை க்ரம்ப் வரைவார், அலீனை அலீன் வரைவார். க்ரம்பின் கோடு வழவழவென்று இருக்கும், பக்கத்திலேயே அலீனின் கோடு கரடுமுரடாக நிற்கும், யாரும் யாரையும் சரிக்கட்டவில்லை. அப்படிச் செய்திருக்கலாம், அவன் உடம்பையும் அறையையும் வரைய, மூக்கை மட்டும் என்னிடம் விட்டிருக்கலாம். இது அப்போது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

போன மாதம் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. கனமாக இருந்தது, பிரிக்கும்போதே என்னவென்று தெரிந்துவிட்டது. ஸ்டேப்ளரைச் சுற்றி ஒரு ஓவியத் தாள். அதில் ஆறு கட்டம், எல்லாமே அவன் தூரிகை. என் கதாபாத்திரம் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார், தலையணையைத் தூக்கிப் பார்க்கிறார், இழுப்பறையைக் கொட்டிப் பார்க்கிறார், கடைசிக் கட்டத்தில் கண்ணாடி முன்னால் நிற்கிறார். ஆறு கட்டத்திலும் முகத்தின் நடுவில் வெறும் வெள்ளை. கடிதம் எதுவும் இல்லை. ஸ்டேப்ளரில் ஒரு பின் சிக்கியிருந்தது, குறடு வைத்து எடுக்கவே அரை மணி நேரம் ஆனது.

முதல் ஐந்து கட்டத்துக்கு மூக்குப் போட்டுவிட்டேன், மெல்லிய பேனாவில். கண்ணாடிக் கட்டம்தான் இழுக்கிறது, அதில் இரண்டு மூக்கு வேண்டும், முகத்தில் ஒன்று, பிம்பத்தில் ஒன்று. நான்கு தடவை பென்சிலில் போட்டு அழித்ததில் தாள் அந்த இடத்தில் பஞ்சு மாதிரி எழும்பிவிட்டது. அக்கா நேற்று இரவு கேட்டுவிட்டார், "பக்கம் எங்கே, ஆசிரியரே?"